அடுத்த வருஷம் முதலாம் ஆண்டு: பிள்ளையை எப்படித் தயார் பண்றது? (மலேசியா, நெகிரி செம்பிலான்: பகாவ், ஜெம்போல் வட்டாரப் பெற்றோர் வாங்க)

யாழினி_அம்மா
சனி, இரவு 9.12

எல்லாருக்கும் வணக்கம். நாங்க முன்னாடி தோட்டத்து வீட்டுல இருந்தோம், இப்ப பகாவ்ல ஒரு தாமானுக்கு (குடியிருப்புப் பகுதி) வந்துட்டோம். மகளுக்கு ஆறு வயசு, அடுத்த வருஷம் தமிழ்ப்பள்ளியில முதலாம் ஆண்டு. பள்ளிக்கூடத்துப் பாலர் வகுப்புல இடம் கிடைக்கல. அதனால தனியார் தாடிக்காவுக்கு (பாலர் பள்ளி) அனுப்புறோம். அங்க தினமும் வீட்டுப்பாடம். தமிழ்ல ‘அ’ மட்டும் பக்கம் பக்கமா எழுதணும், அப்புறம் மலாய், அப்புறம் இங்கிலீஷ். ‘அ’ எழுத உட்கார்ந்தா சுழியை எங்க ஆரம்பிக்கிறதுன்னு தெரியாம பென்சிலை முஷ்டியா பிடிச்சுக்கிட்டு, பேப்பர் கிழியுற வரைக்கும் அழுத்துறா. அப்புறம் அழுகை. நேத்து ராத்திரி புத்தகத்தைக் கட்டிலுக்கு அடியில ஒளிச்சு வச்சிட்டா.

மாமியார் சொல்றாங்க, இப்பவே எழுதலன்னா முதலாம் ஆண்டுல பின்தங்கிடுவாளாம். வீட்டுக்காரரு இங்கிலீஷ் தாடிக்காவுக்கு மாத்திடலாம்ங்கிறாரு. வாய் மட்டும் நல்லா பேசுவா, பாசார் மாலாம் (ராத்திரிச் சந்தை) போய்ட்டு வந்தா அங்க பார்த்ததை ஒண்ணு விடாம பாட்டிக்குச் சொல்லுவா. ஆனா பேச்சை வச்சு பள்ளிக்கூடத்துல என்ன பண்றது? பிள்ளைங்க உண்மையில என்ன தெரிஞ்சுக்கிட்டு முதலாம் ஆண்டுக்குப் போகணும்? அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.


பாலர்_ஆசிரியை
சனி, இரவு 10.05

யாழினி அம்மா, வணக்கம். இந்த மாவட்டத்துல ஒரு தமிழ்ப்பள்ளியில பாலர் வகுப்பு எடுக்குறேன். “வாய் மட்டும்”னு எழுதியிருக்கீங்க. அந்த “மட்டும்”மை எடுத்துடுங்க. பார்த்ததை முன்ன பின்ன மாறாம கோர்வையா சொல்ற பிள்ளைதான் பின்னாடி கதையை வாசிச்சுப் புரிஞ்சுக்கும், சொந்தமா வாக்கியம் எழுதும். எழுத்து தெரிஞ்சும் சொல் தெரியாத பிள்ளைங்க என் வகுப்புக்கு வந்திருக்காங்க. அவங்க ‘கொக்கு’ன்னு கூட்டி வாசிச்சிடுவாங்க, கொக்குன்னா என்னன்னு கேட்டா முழிப்பாங்க. அவங்களைக் கரையேத்துறதுதான் பெரிய வேலை.

இப்ப அந்த ‘அ’வுக்கு வர்றேன். சொல்றதுக்கும் பாடுறதுக்கும் அ, ஆ வரிசை நல்ல வரிசை. கைக்கு அது ஒத்து வராது. சின்னப் பிள்ளை கை கோடு பழகுறதுக்குன்னு ஒரு படிமுறை இருக்கு. மூணு வயசு வாக்குல வட்டம், நாலு வயசுல கூட்டல் குறி, அஞ்சை நெருங்கும்போது சதுரம், அதுக்குப் பிறகுதான் முக்கோணம் மாதிரி சாய்கோடு. ‘ட’வைப் பாருங்க. மேலிருந்து கீழே ஒரு கோடு, அப்படியே படுக்கையா ஒரு கோடு, முடிஞ்சது. வலது பக்கம் இன்னொரு கோடு ஏத்துனா ‘ப’. அதுக்குக் கொஞ்சம் வளைவு சேர்த்தா ‘ம’. ‘அ’வுக்கு அப்படி இல்ல. சுழி, வளைவு, குறுக்குக் கோடு, நெட்டுக் கோடு அத்தனையும் ஒரே எழுத்துல வேணும். புத்தகத்துல முதல் பக்கத்துல இருக்குங்கிறதுக்காக அதையே முதல்ல எழுத வைக்கிறாங்க, பிள்ளை அழுவுது.

நாங்க ட, ப, ம மூணையும்தான் முதல்ல கையில ஏத்துவோம். பென்சில் உடனே கிடையாது. தட்டுல அரிசியைப் பரப்பி ஆள்காட்டி விரலால இழுக்கச் சொல்லுவோம். தப்பா வந்தா தட்டை ஒரு ஆட்டு ஆட்டுனா அழிஞ்சிடும், பிள்ளைக்குப் பயம் இருக்காது. மூணு எழுத்தும் வந்ததும் ‘ம’ தலையில ஒரு புள்ளி வைக்கக் காட்டுவோம். படம், மடம். ‘ட’வுக்கும் புள்ளி வச்சா பட்டம், மட்டம். மூணே எழுத்துல பிள்ளை தானா ஒரு சொல் எழுதி, “டீச்சர், பட்டம்!”னு கத்தும். 247 எழுத்தையும் வரிசையா ஒப்பிச்சு முடிச்ச பிறகுதான் சொல்லுன்னு காத்திருந்தா அந்தச் சந்தோஷம் வர்றதுக்குள்ள பிள்ளைக்கு எழுத்தே வெறுத்துடும்.

முஷ்டிப் பிடிக்குக் காரணம் அடம் இல்ல, விரல்ல பலம் போதல. மனுஷன் மணிக்கட்டுல 8 சின்ன எலும்பு இருக்கு. அதுல கடைசி எலும்பு கெட்டிப்பட ஆரம்பிக்கவே எட்டு வயசுக்கு மேல ஆகும். ஆறு வயசுக் கை இன்னும் வளர்ந்துக்கிட்டிருக்கிற கை. வீட்டுல சப்பாத்தி மாவு பிசையக் குடுங்க, கச்சான் உரிக்கச் சொல்லுங்க, காயுற துணிக்குக் கிளிப் மாட்டச் சொல்லுங்க, வெள்ளிக்கிழமை கோலத்துக்குப் புள்ளி வைக்கச் சொல்லுங்க. பென்சிலையும் நீளமா குடுக்காதீங்க, ஒடிச்சுக் கட்டையா குடுங்க. கட்டைப் பென்சிலை முஷ்டியா பிடிக்கவே முடியாது, மூணு விரல் தானா வந்து உட்காரும்.


ஷிப்ட்_அம்மா
சனி, இரவு 10.31

டீச்சர் சொன்னதோட நானும் ஒண்ணு சேர்த்துக்கிறேன், யாரும் இதைச் சொல்லித் தர மாட்டாங்க. பொம்பளப் பிள்ளைன்னா பினஃபோரைப் போட்டுக்கிட்டு கக்கூஸுக்குப் போய் வரத் தெரியணும். என் மகளுக்குப் பள்ளி திறந்த முதல் வாரம் முழுக்க இதே பிரச்சனை. பெல்ட்டைக் கழட்டத் தெரியல, பாவாடையைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு குந்தி உட்காரத் தெரியல (வீட்டுல உட்கார்ற கக்கூஸ், பள்ளியில குந்துற கக்கூஸ்). கூச்சப்பட்டு யார்கிட்டயும் சொல்லாம காலையிலேர்ந்து அடக்கி வச்சுக்கிட்டு, தண்ணி குடிக்கவும் பயந்துக்கிட்டு இருந்திருக்கா. அந்த நிலைமையில டீச்சர் சொல்லித் தர்றது எதுவும் காதுல ஏறுமா?

உடுப்பு வாங்குனதும் பெட்டியில மடிச்சு வைக்காதீங்க. போட்டுக்கிட்டே வீட்டுல நாலு தடவை போய் வரச் சொல்லுங்க. தன்னைத் தானே கழுவிக்கவும் தெரியணும். சாப்பாட்டு டப்பா மூடியைத் தானா திறக்கவும் பழக்குங்க. ஓய்வு நேரம் பல பள்ளியில 20 நிமிஷம்தான், அதுல பாதி மூடி திறக்குறதுலயே போயிடுது.


லோரி_அப்பா_ஜெம்போல்
சனி, இரவு 11.20

எல்லாரும் நல்லா சொல்றீங்க. ஆனா பாலர் டீச்சர், ஒரு விஷயத்துல நான் ஒத்துக்க மாட்டேன். கோவமா எழுதுற மாதிரி தெரியலாம், மனசுல இருக்கிறதை அப்படியே எழுதுறேன்.

என் மூத்தவனை ஒரு தாடிக்காவுக்கு அனுப்புனோம். பாட்டு, ஆட்டம், வருஷக் கடைசியில மேடையில வேஷம். கேட்டா “விளையாட்டு வழிக் கல்வி”ன்னாங்க. பிள்ளையும் சிரிச்சுக்கிட்டே போய் வந்தான், நாங்களும் சந்தோஷமா இருந்தோம். முதலாம் ஆண்டுல மலாய்ப் புத்தகத்தைத் திறந்தா முழு வாக்கியமா இருக்கு. இவனுக்கு எழுத்தைக் கூட்டவே வரல. பக்கத்துல உட்கார்ற பையன் டியூஷன் போய்ட்டு வந்தவன், கடகடன்னு வாசிக்கிறான். டீச்சரும் வாசிக்கத் தெரிஞ்ச பிள்ளைங்களை வச்சே பாடத்தை ஓட்டிட்டாங்க. வருஷ நடுவுல என் மகனைப் பின்தங்குன பிள்ளைங்களுக்கான குறைநீக்கல் வகுப்புல போட்டாங்க. அதுக்கப்புறம் காலையில எழுப்புனா வயித்து வலிங்கிறான்.

காசு இருக்கிறவன் பிள்ளை ரெண்டு இடத்துல எழுத்து பழகிட்டு வருது. நம்ம பிள்ளைக்கு மட்டும் ‘அவசரம் வேண்டாம், விளையாடட்டும்’னு சொல்றது எந்த ஊரு நியாயம்? நான் விடியக்காலை லோரி எடுத்தா ராத்திரிதான் வீடு. வீட்டுல மலாய் சொல்லித் தர ஆள் இல்ல. எங்களுக்குப் பாலர் பள்ளிதான் எல்லாம். அங்க எழுத்து வரலன்னா வேற எங்கேயும் வராது.


பாலர்_ஆசிரியை
ஞாயிறு, காலை 7.48

லோரி அப்பா அண்ணே, உங்க கோவம் நியாயமான கோவம். பாலர் வகுப்பை முடிச்சிட்டு எழுத்து தெரியாம ஒரு பிள்ளை வெளிய போனா அந்தப் பிள்ளைக்குச் சேர வேண்டியது சேரலன்னுதான் அர்த்தம். பாலர் பள்ளிக்குன்னு தேசியக் கலைத்திட்டம் ஒண்ணு இருக்கு. அதுல விளையாட்டு வழிக் கற்றலும் இருக்கு, எழுத்தை அடையாளம் காண்றது, அசை கூட்டுறது, எளிய சொல்லை வாசிக்கிறது, எழுதுறது எல்லாமும் இருக்கு. விளையாட்டுங்கிற பேர்ல வருஷத்தைக் கடத்துறது அந்தக் கலைத்திட்டத்துல எங்கேயும் இல்ல. உங்க மகன் போன இடத்துல ஆட்டம் இருந்திருக்கு, அந்த ஆட்டத்துக்குள்ள பாடம் இல்ல.

எது பாடம் உள்ள விளையாட்டுன்னு காட்டுறேன். கை தட்டி அசை பிரிக்கிறது எங்க வகுப்புல தினமும் நடக்கும். அம்-மா, ரெண்டு தட்டு. தக்-கா-ளி, மூணு தட்டு. அடுத்தது, ‘பால்’, ‘பழம்’, ‘மரம்’ மூணுல எதோட முதல் சத்தம் ஒட்டாம நிக்குது? பிள்ளைங்க போட்டி போட்டுக் கத்துவாங்க. காதுல சத்தம் பிரிஞ்ச பிறகுதான் எழுத்தைக் கையில எடுப்போம். தமிழ்ல இப்படிப் பழகுன பிள்ளைக்கு மலாய் சுலபம், ஏன்னா மலாயும் அசை அசையா கூட்டுற மொழிதான். பா-ஜு (சட்டை), மா-தா (கண்), கா-கி (கால்). அதே ரெண்டு தட்டு.

நம்ம பிள்ளைங்க தடுக்கி விழுற இடம் ஒண்ணு இருக்கு. அதைத் தெரிஞ்சுக்கிட்டா பாதிக் கஷ்டம் குறையும். தமிழ்ல ‘ப’ங்கிற ஒரே எழுத்து ‘பால்’ல ஒரு மாதிரியும் ‘தம்பி’யில ஒரு மாதிரியும் ஒலிக்குது. க, ட, த எல்லாம் அப்படித்தான். மலாய் எழுதுற ரூமி (இங்கிலீஷ் எழுத்து) முறையில அந்த ரெண்டு சத்தத்துக்கும் தனித்தனி எழுத்து. அதனால தமிழ்ப் பிள்ளைக்கு ‘பாஜு’வுக்கு எந்த எழுத்து, ‘பாடி’க்கு (நெல்) எந்த எழுத்துன்னு குழம்பும். அது மக்குத்தனம் இல்ல. தொண்டையில கை வச்சுப் பார்க்கச் சொல்லுங்க. உதடு ஒட்டியிருக்கும்போதே தொண்டை அதிர்ந்தா ஒரு எழுத்து (b), அதிராம வெறும் காத்து வெடிச்சா இன்னொரு எழுத்து (p). ஆறு வயசுப் பிள்ளைக்கு இது பிடிச்ச ஆட்டம்.

வீட்டுல ஆள் இல்லன்னு சொன்னீங்க. லோரியில இருந்து ராத்திரி வரும்போது மகன் முழிச்சிருந்தா பத்து நிமிஷம் போதும். புத்தகம் வேண்டாம். ரோட்டுல பார்த்த போர்டு ஒண்ணைச் சொல்லி அசை தட்டச் சொல்லுங்க. ஜெம்-போல். சி-ரம்-பான்.


கிளினிக்_தாதி
ஞாயிறு, காலை 9.15

லோரி அப்பா, உங்க பதிவைப் படிச்சதும் எனக்குத் தோணுன முதல் கேள்வி: தம்பியோட காதும் கண்ணும் பார்த்தீங்களா?

அடிக்கடி சளி பிடிக்கிற பிள்ளைக்கு நடுக்காதுல நீர் கட்டி நின்னுடும். வலி இருக்காது, சீழ் வராது, வெளிய ஒண்ணும் தெரியாது. சத்தம் மட்டும் மந்தமா கேக்கும். கூப்பிட்டா திரும்புவான், ஆனா டீச்சர் சொன்ன சொல்லு ‘பாடி’யா ‘காடி’யான்னு பிரிச்சுக் கேக்காது. அப்படிக் கேக்குற காதுக்கு எழுத்துக் கூட்ட எப்படி வரும்? டிவி சத்தத்தைக் கூட்டி வைக்கிறானா, “என்னா?”ன்னு திரும்பத் திரும்பக் கேக்குறானா, பின்னாடி நின்னு மெதுவா பேசுனா தெரியாம இருக்கானா, கவனிங்க. கண்ணும் அப்படித்தான். தனக்குக் கண் மங்கலா தெரியுதுன்னு எந்தப் பிள்ளையும் சொல்லாது, எல்லாருக்கும் உலகம் அப்படித்தான் தெரியும்னு நினைச்சுக்கும். குறைநீக்கல் வகுப்புக்குப் போற ஒவ்வொரு பிள்ளைக்கும் முதல்ல இந்த ரெண்டையும் பார்க்கணும்னு எத்தனையோ பெற்றோர்கிட்ட சொல்லியிருக்கேன்.

மத்தவங்களுக்கும் சொல்றேன். பிறந்ததுலேர்ந்து ஆறு வயசு வரைக்குமான சுகாதாரப் பதிவுப் புத்தகத்தை ஊசி போட மட்டும் தூக்கிட்டு வராதீங்க. எந்த வயசுல பிள்ளை என்ன செய்யணும்னு அதுல இருக்கு, படிங்க. 18 மாசத்துலயும் 3 வயசுலயும் ஆட்டிசம் சம்பந்தமா ஒரு கேள்வித்தாள் குடுப்போம், அதை “எல்லாம் சரி”ன்னு டிக் பண்ணித் தள்ளிவிடாதீங்க. ஏதாவது இருந்தா சீக்கிரம் தெரிஞ்சாதான் சிறப்புக் கல்வி வகுப்போ, பேச்சுப் பயிற்சியோ ஏற்பாடு பண்ண முடியும். முதலாம் ஆண்டுல பள்ளியில ரெண்டு ஊசி இருக்கு: தொண்டை அடைப்பான், ரணஜன்னிக்கு ஒண்ணு, தட்டம்மை, ருபெல்லாவுக்கு ஒண்ணு. முன்கூட்டியே பிள்ளைகிட்ட சொல்லி வைங்க. “அழுதா தாதி ஊசி போடுவாங்க”ன்னு மட்டும் தயவு பண்ணி மிரட்டாதீங்க, அப்புறம் எங்களைக் கண்டாலே பிள்ளைங்க ஓடுது.

தூக்கம் ரொம்ப முக்கியம். இந்த வயசுக்கு ஒரு நாளைக்கு 9-லேர்ந்து 11 மணி நேரம் வேணும். பள்ளி வேன் இருட்டோட வந்துடும், அப்படின்னா ராத்திரி எத்தனை மணிக்குப் படுக்கணும்னு நீங்களே கணக்குப் போடுங்க. பதினொரு மணி வரைக்கும் கைப்பேசி பார்த்த பிள்ளை காலையில வகுப்புல தூங்கித்தான் விழும்.


பால்மரத்து_தாத்தா
ஞாயிறு, மதியம் 2.40

எல்லா பிள்ளைகளுக்கும் வணக்கம். இதைப் பேத்திதான் கைப்பேசியில் வைத்துக் கொடுத்தாள். நான் சொல்லச் சொல்ல எழுத்தாக விழுகிறது. மகளும் மருமகனும் நீலாயில் கம்பெனி வேலை, வாரக் கடைசியில்தான் வருவார்கள். சின்னப் பேத்தி எங்களோடு தோட்டத்தில் இருக்கிறாள். வருகிற வருஷம் பள்ளிக்கூடம். நான் தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தவன். பிறகு முப்பது வருஷத்துக்கு மேல் பால்மரம் வெட்டினேன் (ரப்பர் பால் எடுக்கும் வேலை). கிழவிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நீங்கள் எல்லாம் அசை, கலைத்திட்டம் என்கிறீர்கள். எங்களை மாதிரி ஆட்கள் கையில் வளர்கிற பிள்ளை பின்தங்கிவிடுமா? மகள் போன் பண்ணும்போதெல்லாம் கவலைப்படுகிறாள். பேத்தி நாள் முழுக்க என் பின்னால்தான் திரிகிறாள். கோழிக்குத் தீனி போடுவது, முருங்கை ஆய்வது, ரப்பர் கொட்டை பொறுக்குவது. கிழவி கதை சொல்லாமல் தூங்க மாட்டாள்.


பாலர்_ஆசிரியை
ஞாயிறு, மாலை 4.02

ஐயா, உங்க பேத்தி குடுத்து வச்சவ. இதை உபசாரத்துக்குச் சொல்லல, ஒவ்வொண்ணா காரணத்தோட சொல்றேன்.

பாட்டி ராத்திரி கதை சொல்றாங்களா? அதுல ‘அப்புறம்’, ‘ஆனாலும்’, ‘அதனாலதான்’ எல்லாம் வரும். பாடப்புத்தக வாக்கியம் இந்தச் சொல்லுங்க மேலதான் நிக்குது. படிக்கத் தெரியாத பாட்டி வாய்வழியா குடுக்கிற தமிழ் சின்னத் தமிழ் இல்ல. ஒண்ணு மட்டும் கூடுதலா செய்யச் சொல்லுங்க. கதையை நடுவுல நிறுத்தி, “இப்ப அவன் என்ன பண்ணுவான்?”னு கேட்கட்டும். மறுநாள் அதே கதையைப் பேத்தி சொல்ல, பாட்டி கேட்கட்டும்.

முருங்கை ஆயுறாளா? அந்தச் சின்ன இலையைக் காம்புலேர்ந்து உருவுற ரெண்டு விரல்தான் பென்சில் பிடிக்கிற விரல்.

ரப்பர் கொட்டை இருக்கே, அது கணக்குக்கு ரொம்பத் தோதான பொருள். ஒண்ணுலேர்ந்து நூறு வரைக்கும் ஒப்பிக்கத் தெரிஞ்சும் “எட்டுக் கொட்டை எடுத்துக் குடு”ன்னா பதினொண்ணு எடுக்கிற பிள்ளைங்க இருக்காங்க. வாய் எண்ணும், கை எண்ணாது. ஒரு கொட்டையைத் தொட்டு ஒரு எண், அடுத்ததைத் தொட்டு அடுத்த எண், அப்படிப் பழக்குங்க. அது வந்ததும் அஞ்சு கொட்டையைக் கையில மூடிக்கிட்டு ரெண்டை மட்டும் வெளிய காட்டுங்க, உள்ள எத்தனைன்னு சொல்லட்டும். மூணு! கூட்டலும் கழித்தலும் அங்கேயே வந்துடுச்சு. பாட்டிக்குப் பல்லாங்குழி தெரியும்தானே? 14 குழியில ஒவ்வொரு கொட்டையா போட்டுக்கிட்டே போறதைவிட நல்ல எண் பயிற்சி எந்தக் கடையிலயும் விக்கல.

எழுத்துக்கு நீங்க இருக்கீங்க. ஆறாம் வகுப்புத் தமிழ் இதுக்குத் தாராளம். பேத்தி பேரை ஒரு அட்டையில பெரிசா எழுதி அவ தட்டு வைக்கிற இடத்துல ஒட்டுங்க. தன் பேர்ல இருக்கிற எழுத்துதான் எந்தப் பிள்ளைக்கும் முதல்ல பிடிபடும்.


கிளினிக்_தாதி
ஞாயிறு, மாலை 4.30

தாத்தா, ரப்பர் கொட்டையை எண்ணட்டும், ஆனா வாயில மட்டும் வைக்க விடாதீங்க. பச்சைப் பருப்புல சயனைடா மாறுற நஞ்சு இருக்கு. சிமெண்டுல தேய்ச்சு சூடாக்கி அடுத்தவங்க கையில வைக்கிற விளையாட்டும் வேண்டாம், சின்னப் பிள்ளை தோல் சட்டுன்னு கொப்பளிச்சிடும்.


ரொம்பின்_பையன்
ஞாயிறு, இரவு 8.55

தாத்தாவோட பதிவைப் படிச்சிட்டு எழுதாம இருக்க முடியல. நான் ஆசிரியர் பயிற்சியில இருக்கேன், பிறந்து வளர்ந்தது தோட்டம்.

இதுல வீட்டைத் தாண்டிய விஷயம் ஒண்ணு இருக்கு. 1923 தொழிலாளர் சட்டத்துல, தோட்டத்துல 7-லேர்ந்து 14 வயசுக்குள்ள பத்துப் பிள்ளைங்க இருந்தா நிர்வாகம் பள்ளிக்கூடம் வைக்கணும்னு இருந்துச்சு. அப்படித்தான் நம்ம தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிகள் பெருகுச்சு. அந்தச் சட்டத்துல ஏழு வயசுக்குக் கீழ உள்ள பிள்ளையோட படிப்பைப் பத்தி யாரும் நினைக்கல. அந்த வயசுப் பிள்ளைக்கு இருந்தது ஆயாக்கொட்டாய். விடியக்காலை பெரட்டுக்கு (வேலைக்குப் பேர் கூப்பிடுற இடம்) போற தாய் பிள்ளையை அங்க விட்டுட்டுப் போவா. புடவையில தொட்டில், ஒரு ஆயா, அத்தனை பிள்ளைங்க. ஆயாமாருங்க உசிரைக் குடுத்துப் பார்த்துக்கிட்டாங்க, எங்க அப்பத்தாவும் அப்படி ஒருத்தங்கதான். ஆனா அந்தக் கொட்டாய் இருந்ததே தாய் நேரத்துக்கு மரம் வெட்டப் போகணும்ங்கிறதுக்காக. பிள்ளையோட அறிவுக்குன்னு அங்க எதுவும் வைக்கல.

அப்புறம் ரப்பர் போய் செம்பனை (எண்ணெய்ப் பனை) வந்துச்சு, தோட்டங்க துண்டாச்சு, ஆளுங்க டவுனுக்கு வந்தாங்க. 1996 கல்விச் சட்டம் பாலர் பள்ளியைத் தேசியக் கல்வி முறைக்குள்ள கொண்டு வந்துச்சு. 2003-லேர்ந்து ஆறு வருஷ ஆரம்பக் கல்வி கட்டாயம். இவ்வளவு வந்தும் பள்ளிக்கூடத்துப் பாலர் வகுப்புல ஒரு வகுப்புக்கு 25 பிள்ளைதான். ஒரு ஆசிரியை, ஒரு உதவியாளர். நல்ல ஏற்பாடு, சாப்பாடும் உண்டு. ஆனா யாழினி மாதிரி 26-ஆவது பிள்ளை எங்க போகும்? இன்னும் தோட்டத்துக்குள்ளயே இருக்கிற குடும்பத்துக்கு இடம் கிடைச்சாலும் வேன் செலவு கட்டுமா? லோரி அண்ணன் கேட்ட ‘எந்த ஊரு நியாயம்’ங்கிற கேள்வி பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்துல கேட்கப்பட வேண்டிய கேள்வி. கூடுதல் வகுப்புக்குத் தலைமையாசிரியர் தனியா கடிதம் எழுதுனா அது ஒரு கடிதம். காத்திருக்கிற பிள்ளைங்க பட்டியலோட பெற்றோரும் சேர்ந்து மாவட்டக் கல்வி இலாகாவுக்குப் போனா அதுக்கு மதிப்பு வேற.


ஷிப்ட்_அம்மா
ஞாயிறு, இரவு 9.20

தம்பி, கூட்டம் எப்பன்னு போடுங்க. ராத்திரி ஷிப்ட் இல்லன்னா கண்டிப்பா வர்றேன்.


யாழினி_அம்மா
திங்கள், இரவு 8.10

எல்லாருக்கும் நன்றி. நேத்து சாயந்திரம் பென்சிலை எடுக்கவே இல்ல. தட்டுல அரிசியைப் பரப்பி ‘ட’ மட்டும் காட்டுனேன். அழல. தானே ‘ப’வும் இழுத்துப் பார்த்தா. இன்னிக்கு தாடிக்கா டீச்சர்கிட்ட பேசுனேன். தமிழ் வீட்டுப்பாடத்தை வேற எழுத்துலேர்ந்து ஆரம்பிக்கலாமான்னு கேட்டேன், பார்க்கிறேன்னு சொல்லியிருக்காங்க.

இன்னும் ரெண்டு கேள்வி. வீட்டுக்காரரு இங்கிலீஷ் தாடிக்கா விஷயத்துல பிடிவாதமா இருக்காரு. இன்னொரு அக்கா கெமாஸ் தாபிக்காவுல (அரசாங்கப் பாலர் பள்ளி) போட்டா மலாய் நல்லா வரும்ங்கிறாங்க. மாத்தலாமா? அப்புறம், வாங்க வேண்டியதெல்லாம் எப்ப வாங்கலாம்?


பாலர்_ஆசிரியை
திங்கள், இரவு 9.30

கெமாஸ் தாபிக்காவுக்கோ ஒற்றுமைத் துறையோட தாபிக்காவுக்கோ போய்ட்டு வந்த பிள்ளைங்க மலாய் கூச்சமில்லாம பேசுறாங்க, அதை நானே பார்க்கிறேன். கட்டணமும் குறைவு. தனியார் கட்டணம் கட்ட முடியாத குடும்பம் தாராளமா அங்க அனுப்பலாம். வீட்டுல தமிழ் எழுத்துக்கு மட்டும் ஒரு ஆள் பொறுப்பா உட்காரணும். உங்க விஷயத்துல வருஷத்துக்கு நடுவுல இடம் மாத்துறது எனக்குச் சரியாப் படல. பிள்ளை இப்பதான் ஒரு டீச்சரைப் பழகியிருக்கா, அடுத்த வருஷம் எப்படியும் புது இடம். ஒரே வருஷத்துல ரெண்டு தடவை ஏன்? இங்கிலீஷைப் பத்தி உங்க வீட்டுக்காரருக்கு இதைச் சொல்லுங்க: கெட்டியா ஒரு மொழி இருக்கிற பிள்ளை அடுத்த மொழியை அதுக்கு மேல ஏத்திக்கும். ‘நேத்து’, ‘நாளைக்கு’, ‘ஏன்னா’ எல்லாம் தமிழ்ல விளங்குன பிள்ளை அதுக்கு இங்கிலீஷ்ல என்னன்னு கேட்டாலே போதும். எதுவுமே விளங்காத பிள்ளைக்கு எந்த மொழியில ஆரம்பிக்கிறது?

பொருளை இப்பவே வாங்காதீங்க, சப்பாத்து பத்தாம போயிடும். கறுப்புச் சப்பாத்துதான், கயிறு வேண்டாம், ஒட்டுறதா வாங்குங்க. ஆரம்பப் பள்ளி உதவித்தொகை 150 வெள்ளி (ரிங்கிட்) வருமானம் பார்க்காம எல்லாப் பிள்ளைக்கும் குடுக்கிறாங்க, அதை மனசுல வச்சுக் கணக்குப் போடுங்க. பள்ளி நடத்துற அறிமுக நாளுக்கு யாழினியைக் கட்டாயம் கூட்டிட்டுப் போங்க. வகுப்பறையைவிட முக்கியமா கக்கூஸ், சிற்றுண்டிச்சாலை, வேன் நிக்கிற இடம் மூணையும் நடந்து காட்டுங்க. அங்க காசு குடுத்து மீதி வாங்கவும் பழகணும். நீல நோட்டு 1 வெள்ளி, பச்சை 5 வெள்ளி. பாசார் மாலாம்ல ஒரு தடவை அவ கையாலேயே குடுக்க விடுங்க.


லோரி_அப்பா_ஜெம்போல்
திங்கள், இரவு 10.48

தாதி அக்கா, நீங்க எழுதுனதை வீட்டுல படிச்சுக் காட்டுனேன். மனைவி உடனே சொல்றா, அவன் டிவி சத்தத்தை எப்பவும் கூட்டித்தான் வைப்பானாம், திட்டிக்கிட்டே இருப்பாளாம். சளியும் மாசம் தவறாம வரும். நாளைக்கு லீவு போட்டுட்டேன். எங்க கூட்டிட்டுப் போறது, என்ன கேக்குறது?

பாலர் டீச்சர், நான் கேட்டதை நான் வாபஸ் வாங்கல. காது சரியா இருந்தாலும் இல்லாட்டியும், வாசிக்கத் தெரியாத பிள்ளையை விட்டுட்டு ஒரு வகுப்பு ஓடக்கூடாது. ரொம்பின் தம்பி, கூட்டத்துல இதையும் நான் எழுந்து பேசுவேன்.


பாலர்_ஆசிரியை
திங்கள், இரவு 10.55

வாபஸ் வாங்காதீங்க அண்ணே. பேசுங்க.


கிளினிக்_தாதி
திங்கள், இரவு 11.05

காலையில சீக்கிரமா உங்க பக்கத்து அரசாங்கக் கிளினிக்குக்குப் போங்க, வெளிநோயாளிக் கட்டணம் 1 வெள்ளிதான். சுகாதாரப் பதிவுப் புத்தகம், தம்பியோட மைகிட் அடையாள அட்டை, குறைநீக்கல் ஆசிரியர் ஏதாவது எழுதிக் குடுத்திருந்தா அதுவும் எடுத்துக்கோங்க. “காது கேக்கலையா”ன்னு பொதுவா கேட்காதீங்க. அடிக்கடி சளி, டிவி சத்தம், வகுப்புல பின்தங்கல், இந்த மூணையும் சேர்த்துச் சொல்லி, காதுக்குள்ள பார்க்கச் சொல்லுங்க. தேவைப்பட்டா சிரம்பான் பெரிய ஆஸ்பத்திரிக் காது மூக்குத் தொண்டைப் பிரிவுக்குக் கடிதம் குடுப்பாங்க, தவணை கிடைக்க நாளாகலாம், விட்டுடாதீங்க. அதுவரைக்கும் வகுப்புல முன் வரிசையில உட்கார வைக்கச் சொல்லி டீச்சருக்கு ஒரு துண்டுச் சீட்டு எழுதிக் குடுங்க. பார்த்துட்டு வந்து இங்க எழுதுங்க.